படைவீரரின் பில்லும் துப்புரவாளரின் ஒப்பந்தமும்

சிதம்பரத்தை அடுத்த ஒரு சேரியில் கூட்டம் முடித்துக் கிளம்பும்போது ஒரு பெரியவர் எங்களை நிறுத்தினார். ஊரில் அவரை ‘மிலிட்டரிக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் மருத்துவமனை பில்கள். “தம்பி, கார்டை நீட்டினேன். முதல்ல பணத்தைக் கட்டுங்க, கவர்மெண்ட்டு குடுக்கும்போது குடுக்கும்னு சொல்லிட்டான்” என்றார். வெளியூர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் நடந்தது அது. வீட்டு நகையை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார். எல்லையில் நின்றவருக்கு பில்லைத் திரும்பப் பெற எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எங்களுக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம், அதாவது இ.சி.ஹெச்.எஸ்., 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாடு முழுக்க 400க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள், 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளிகள். பாலிகிளினிக்கில் தீராத நோய்க்கு, ஒப்பந்தம் போட்டுக்கொண்ட தனியார் மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு கொடுப்பார்கள். அங்கே நோயாளி பணம் கட்டத் தேவையில்லை, மருத்துவமனை பில்லை அரசுக்கு அனுப்பிப் பெற்றுக்கொள்ள வேண்டும். இதுதான் ஏற்பாடு. 2024-25 இடைக்கால பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கியது 6,968 கோடி ரூபாய். 2025-26இல் 8,317 கோடி. பணம் இல்லாத திட்டம் அல்ல இது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஒப்பந்தங்களின் வழியாக ஓடுகிறது. மருத்துவமனை ஒப்பந்தம், மருந்துக்கடை ஒப்பந்தம், பில் சரிபார்க்கும் நிறுவனத்தின் ஒப்பந்தம், கடைசியில் பாலிகிளினிக்கைக் கூட்டித் துடைப்பவரின் ஒப்பந்தம்.

இத்தனை ஒப்பந்தங்களை யார் கண்காணிக்கிறார்கள்? சி.ஏ.ஜி. இந்தத் திட்டத்தைத் தனியாக எடுத்துத் தணிக்கை செய்து 2015இல் அறிக்கை தந்தது. மருத்துவமனைகள் கூடுதலாகக் கட்டணம் போட்டது, பில்கள் தேங்கியது, மருந்துத் தட்டுப்பாடு, அடையாள அட்டை வழங்கியதில் கோளாறு எனப் பலவற்றைச் சுட்டிக்காட்டியது. திட்டம் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் கழித்து வந்த அறிக்கை அது. மருத்துவமனை கூடுதலாக பில் போட்டால் அரசுக்கு நட்டம். அரசு பில்லை நிறுத்தி வைத்தால் மருத்துவமனைக்கு நட்டம். ஆனால் மருத்துவமனை தன் நட்டத்தை நோயாளியின் தலையில் இறக்கிவிட முடியும். கையில் காசு இருக்கும் அதிகாரி சமாளிப்பார். சேரியிலிருந்து போன ஹவில்தார் நகையை அடகு வைப்பார்.

இந்தத் திட்டத்தில் படுக்கைக்கும் படிநிலை உண்டு. சிப்பாய் முதல் ஹவில்தார் வரை பொது வார்டு, ஜே.சி.ஓ.க்களுக்கு இருவர் தங்கும் அறை, அதிகாரிகளுக்குத் தனி அறை. இது சாதியை வைத்துப் பிரித்தது அல்ல, பதவியை வைத்துப் பிரித்தது என்பார்கள். எந்தச் சாதியினர் எந்தப் பதவியில் ஓய்வு பெறுகிறார்கள் என்ற கணக்கை வெளியிட்டுவிட்டு அதைச் சொல்லட்டும்.

அடுத்து கடைசி ஒப்பந்தத்துக்கு வருவோம். பாலிகிளினிக் வேலைவாய்ப்பு விளம்பரங்களைத் தேடிப் படியுங்கள். மருத்துவர் முதல் காவலாளி வரை எல்லோருமே ஒப்பந்தப் பணியாளர்கள். பட்டியலின் கடைசி வரிசையில் ‘சஃபாய்வாலா’ என்ற பதவி இருக்கும். ஒரு மத்திய அரசுத் திட்டம் இன்றைக்கும் அந்தப் பெயரை வைத்தே ஆள் கேட்கிறது. சில ஆண்டுகளுக்கு முந்தைய விளம்பரங்களில் அதற்கு மாதம் 16,800 ரூபாய் தொகுப்பூதியம். ஒப்பந்தம் முடிந்தால் மறுபடி விண்ணப்பம், மறுபடி நேர்காணல். இந்த வேலைக்கு யார் வருகிறார்கள் என்று நாம் யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

45 நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களிலும் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. இட ஒதுக்கீடு உண்டு என்பது மத்திய அரசின் சொந்த ஆணை. 1968இல் போட்டது, 2018இல் மீண்டும் நினைவூட்டியது. பாலிகிளினிக்கின் மருத்துவர், மருந்தாளுநர், எழுத்தர் நியமனங்களில் அது எப்படிக் கடைப்பிடிக்கப்படுகிறது? துப்புரவுப் பணியில் மட்டும் கேட்காமலேயே நூறு சதவீதம் கிடைக்கும் ‘ஒதுக்கீடு’ நமக்கு வேண்டாம்.

‘ராணுவத்துக்கும் நம் அரசியலுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று சில தோழர்கள் கேட்கலாம். அண்ணல் அம்பேத்கர் 1891இல் பிறந்தது மாவ் ராணுவக் குடியிருப்பில். அவர் தந்தை ராம்ஜி சக்பால் ஒரு சுபேதார். நிலமில்லாத ஒரு குடும்பத்துக்கு ராணுவச் சம்பளமும் ஓய்வூதியமும் என்னவாக இருந்தன என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. நம் சேரிகளிலும் மிலிட்டரிக்காரர் வீட்டில்தான் முதல் பட்டதாரி வந்தார் என்ற கதை நிறைய உண்டு. 2022இல் வந்த அக்னிபத் திட்டம் அந்த ஏணியையும் சுருக்கிவிட்டது. நான்கு வருடத்தில் வெளியே வரும் அக்னிவீரருக்கு ஓய்வூதியமும் இல்லை, இந்த மருத்துவத் திட்டமும் இல்லை. போரை நாங்கள் கொண்டாடவில்லை. உழைத்தவருக்கு எழுதித் தந்த உரிமையைக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

கேட்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து போன எல். இளையபெருமாள் தலைமையிலான குழு, நாடு முழுக்கத் தீண்டாமை எப்படி இருக்கிறது என்று விசாரித்து 1969இல் அறிக்கை கொடுத்தது. அரசின் கணக்கை அரசிடமே கேட்டு வாங்கிய வேலை அது. நூறு நாள் வேலைச் சட்டம் கிராம சபைக்குச் சமூகத் தணிக்கை உரிமையைத் தந்தது. ஏரி வேலைக் கணக்கைக் கேட்க முடிந்த மக்களால் மருத்துவமனை பில் கணக்கைக் கேட்க முடியாதா?

இப்போதைக்கு நம் கையில் இருப்பது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். சிதம்பரத்திலும் கடலூரிலும் படிக்கும் மாணவர்கள் முதலில் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். கடலூர் மாவட்டப் பயனாளிகளுக்கான மருத்துவமனைகளின் பில் எவ்வளவு, எத்தனை நாளாக நிலுவையில் இருக்கிறது? பயனாளிகள் தாங்களே செலவழித்துக் கேட்ட தொகையில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது? பணம் கேட்ட மருத்துவமனைகள் மீது வந்த புகார்கள் எத்தனை, நடவடிக்கை என்ன? ஒப்பந்தப் பணியாளர்களில் பதவிவாரியாக எஸ்.சி., எஸ்.டி. எத்தனை பேர்?

பதில் வந்தால் அதை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்துக்குப் போவோம். வராவிட்டால் மேல்முறையீடு செய்வோம். அந்தப் பெரியவரின் பிளாஸ்டிக் பையை நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம். பில்களைத் தேதி வாரியாக அடுக்கிப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊர் மிலிட்டரிக்காரர் வீட்டிலும் இப்படி ஒரு பை இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேளுங்கள், தோழர்களே.

ஜெய்பீம்!