ஒரே உடலில் இரு புற்றுநோய்கள்



சிவகிரியிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ள கடிதத்திற்கே இம்மாதம் நமது பகுதி முழுவதையும் ஒதுக்குகிறேன். அவருடைய மாமனாருக்கு வயது 67. வயலும் வரப்புமாக வாழ்ந்தவர். வெற்றிலையும் புகையிலையும் இளமை முதல் பழக்கம். நான்கு ஆண்டுகளுக்கு முன், கண்புரை அறுவைக்காக இரத்தம் சோதித்தபோது வெள்ளணுக்கள் மிகுந்திருப்பது தெரிந்தது. மேலும் சோதித்த மருத்துவர்கள், 'குரோனிக் லிம்போசைட்டிக் லூக்கேமியா' என்னும் நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் என்றனர். மருந்து ஏதும் தராமல், குறித்த காலத்தில் வந்து காட்டுமாறு மட்டும் கூறினர்.

இப்பொழுது அவருடைய இடக் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் இரண்டு மாதமாக ஆறாமல் இருக்கிறது. கழுத்தில் நெறியும் கட்டியிருக்கிறது. "இரத்தத்தில் இருந்த நோய் வாய்க்கு வந்துவிட்டது, இனிச் செலவு செய்து பயனில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். பேத்தியின் திருமணத்துக்கென்று வைத்திருக்கும் வயலை எனக்காக விற்கக் கூடாது என்று மாமாவும் பிடிவாதமாக இருக்கிறார். நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்கிறார் அச்சகோதரி.

சகோதரி, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கன்னத்துப் புண் இரத்தப் புற்றுநோயின் தொடர்ச்சிதான் என்று பார்த்த மாத்திரத்தில் எவரும் தீர்மானிக்க இயலாது. அது முற்றிலும் வேறான, இரண்டாவது ஒரு புற்றுநோயாக இருக்கக்கூடும். புகையிலை மெல்லும் ஒருவரின் வாயில் ஆறாத புண் என்றால் முதலில் ஐயுற வேண்டியது அதையே. அவ்வாறாயின், "இனிப் பயனில்லை" என்பது தவறான காரணத்தின்மேல் எடுக்கப்பட்ட முடிவாகிவிடும்.

உங்கள் மாமனாருக்கு முதலில் வந்த நோயைச் சற்று அறிந்துகொள்வோம். நம் இரத்தத்தில் நோய்க் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களில் 'லிம்போசைட்' என்பது ஒருவகை. இவற்றுள் 'பி' வகை அணு ஒன்று கெட்டுப் பெருகி, சாக வேண்டிய காலத்தில் சாகாமல் தேங்குவதே இந்நோய். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவ்வணுக்கள் 5,000 அல்லது அதற்குமேல் மூன்று மாதமேனும் நீடித்திருந்தால் இந்நோய் என்பர். மேலை நாடுகளில் முதியோரிடம் மிகுதியாகக் காணப்படும் இது, நம் நாட்டில் குறைவு.

இந்நோயை 0 முதல் 4 வரை ஐந்து படிகளாக 1975இல் வகுத்துத் தந்தவர், இராஜஸ்தானத்து ஜோத்பூரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் கண்டி ராய். தொடக்கப் படியில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்தால் ஆயுள் நீளுமா என்று பிரெஞ்சு மருத்துவர்கள் ஆராய்ந்தனர். நீளவில்லை என்பதே 1998இல் வெளியான அவர்களது முடிவு. ஆகவே உங்கள் மருத்துவர்கள் மருந்து தராதது அலட்சியமன்று, கைவிட்டதுமன்று. பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் செயித், 1991இல் இந்நோய் கண்டறியப்பட்ட பின்னரும், 2003இல் மறையும்வரை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் எழுதியும் கற்பித்தும் வந்தார்.

எனினும் இந்நோய்க்கு வேறொரு முகம் உண்டு. பெருகிய அணுக்கள் எண்ணிக்கையில் மிகுந்தாலும் காவல் வேலைக்கு உதவுவதில்லை. நோய் எதிர்ப்புப் புரதங்கள் குறைகின்றன; மற்றக் காவல் அணுக்களும் சோர்கின்றன. அதனால் தொற்றுநோய்கள் எளிதில் பற்றுகின்றன. அது மட்டுமன்று. உடலில் அவ்வப்போது தோன்றும் கெட்ட அணுக்களைக் கண்டு அழிக்கும் காவலும் தளர்ந்துவிடுகிறது. இந்நோயுடையவர்களுக்கு வேறு புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு, அதே வயதுடைய பிறரைவிட மிகுதி என்பதைப் பல நாட்டுப் பதிவேடுகள் காட்டுகின்றன. மருந்தே உட்கொள்ளாதவர்களுக்கும் இது பொருந்தும். மேலை நாடுகளில் தோல் புற்றுநோய் முதலிடம் பெறுகிறது. நுரையீரல் புற்றுநோயும் கூடுதலாகக் காணப்படுகிறது. காவல் தளர்ந்த அத்தகைய உடலில் புகையிலையும் சேர்ந்தால் என்னாகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனிக் கழுத்து நெறிக்கு வருவோம். இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். அது பழைய இரத்த நோயினால் வீங்கியதாக இருக்கலாம். வாய்ப் புண்ணிலிருந்து பரவியதாகவும் இருக்கலாம். ஒரே நெறிக்கட்டியில் இரு நோய்களின் அணுக்களும் கலந்திருப்பதும் உண்டு. மூன்றாவதாக, அமைதியாய் இருந்த இரத்த நோயே திடீரென்று வேகம் கொண்டு கடுமையான நிணநீர்ப் புற்றாக மாறுவதும் உண்டு. 1928இல் இதை விவரித்த ரிக்டர் என்னும் மருத்துவரின் பெயராலேயே அம்மாற்றம் வழங்குகிறது. ஒவ்வொன்றிற்கும் சிகிச்சை வேறு. தடவிப் பார்த்தோ படம் எடுத்தோ மட்டும் இதைப் பிரித்தறிய முடியாது. வாய்ப் புண்ணிலிருந்து சிறு துணுக்கும், நெறியிலிருந்து ஊசி மூலமோ சிறு அறுவை மூலமோ சதையும் எடுத்துச் சோதிக்க வேண்டும். "நெறி பழையதுதான்" என்று தள்ளிவிடுவதும், "எங்கும் பரவிவிட்டது" என்று கைவிடுவதும் ஒரே அளவு தீங்கானவை.

சோதனையில் வாய்ப் புற்று என்று உறுதியானால், விரைந்து வளரும் நோயையே முதலில் கவனிப்பது பொதுவான முறை. மெதுவாகச் செல்லும் இரத்த நோய் பெரும்பாலும் காத்திருக்கும். அந்நோய் ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டி அறுவையையோ கதிர்ச் சிகிச்சையையோ மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இரு துறை மருத்துவர்களும் கலந்து பேசியாக வேண்டும். பழைய இரத்தச் சோதனைத் தாள்கள் அனைத்தையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். இந்நோய்க்கு மாத்திரை உட்கொள்ளும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு சொல்: 'இப்ருட்டினிப்' போன்ற மருந்துகள் இரத்தக் கசிவை மிகுவிக்கும். பல் பிடுங்குவதாயினும் முன்னரே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது.

வயலைப் பற்றிய கவலைக்கு வருகிறேன். திருநெல்வேலி, மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உங்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. 1954இல் தோன்றிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், 1981இல் தோன்றிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைகளும் அடங்கும். குடும்ப அட்டையுடன் சென்று, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே விசாரியுங்கள். வயலை விற்பதா வேண்டாமா என்ற கேள்வி அதற்குப் பின்னர் வரட்டும்.

இந்நோயுடன் வாழும் ஏனையோரும் சிலவற்றைக் கருத்திற் கொள்க. இரத்த எண்ணிக்கை பார்க்கச் செல்லும் நாளில் வாய், தோல், மார்பு ஆகியவற்றையும் காட்டுங்கள். மூன்று வாரம் ஆறாத புண், நீங்காத இருமல், மலத்தில் இரத்தம், காரணமின்றி மெலிதல் ஆகியவற்றை, "எல்லாம் பழைய வியாதிதான்" என்று ஒதுக்காதீர்கள். நிமோனியா, ஃபுளூ தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். உயிருள்ள கிருமிகளால் ஆன தடுப்பூசிகள் இவர்களுக்கு ஆகா. புகையிலையை இன்றே விடுங்கள்.

சகோதரி, புண் தொடக்க நிலையில் உள்ளதா, முற்றியதா என்பதைக் கடிதத்தைக் கொண்டு நான் கூற இயலாது. குணமாகிவிடும் என்று வாக்களிக்கவும் மாட்டேன். ஆனால் வாய்ப் புற்று, தொடக்கத்திலேயே பிடிபட்டால் குணமாகக்கூடிய நோய். இரண்டு மாதம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. உங்கள் மாமனாரிடம் இவ்வளவு மட்டும் சொல்லுங்கள்: "மாமா, சோதித்துப் பார்ப்பதற்கு வயலை விற்க வேண்டியதில்லை. என்ன நோய் என்று தெரிந்த பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்." பேத்தியின் மணநாளில் அவள் தேடப்போவது வயலையன்று, தாத்தாவை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த வாரமே புறப்படுங்கள்.