எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை... ஆனாலும் குதிகால் ஏன் கறுக்கிறது?

ஸ்கூல் விட்டு வரும் ஆறு வயதுச் சிறுவன், அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். தூக்கம் சொக்குகிறது. தொங்கிய கால் சக்கரத்துக்குள் போய்விடுகிறது. அலறல், ரத்தம், ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே பார்த்துவிட்டு, 'எலும்பு உடையலை' என்றதும் குடும்பமே பெருமூச்சு விடுகிறது. நான்காம் நாள் கட்டைப் பிரித்தால், குதிகாலின் பின்பக்கத் தோல் கறுத்துப்போயிருக்கிறது.

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய விபத்து இது. இனி அந்தக் கால் என்னாகும்?

தோலுக்கு அடியில் எலும்பு

உங்கள் கணுக்காலைத் தொட்டுப் பாருங்கள். தொடையில் இருப்பதுபோல சதை இருக்காது. மெல்லிய தோல், அதற்குக் கீழே நேராக எலும்பும் தசைநாணும்தான். ஸ்போக்ஸ் கம்பி தோலைக் கிழிப்பதோடு நசுக்கியும் விடுகிறது. நசுங்கிய இடத்தில் ரத்த ஓட்டம் நின்றால் தோல் மெள்ள மெள்ளச் செத்துப்போகும். அது வெளியே தெரியச் சில நாள்கள் ஆகும்.

தொடைத் தோலை எடுத்து ஒட்டினால் போதாதா?

காயத்தின் அடியில் நல்ல சதை இருந்தால் போதும். ஒட்டிய தோல், அடியிலிருந்து ரத்தம் பெற்றுத்தான் பிழைக்கும். வெறும் எலும்பும் தசைநாணும் தெரிந்தால் அது பிடிக்காது. அங்கே, சொந்த ரத்தக்குழாயோடு சேர்ந்த தோலும் சதையும் வேண்டும். இதற்குப் பெயர் 'ஃபிளாப்'.

முதலில் செத்த பகுதிகளை அகற்றிக் காயத்தைச் சுத்தமாக்குவார்கள். பிறகு, கெண்டைக்காலின் பின்பக்கத் தோலை, ரத்தக்குழாய் அறுபடாமல் கீழே திருப்பிக் குதிகாலை மூடுவது ஒரு வழி. தரையில் ஊன்றும் அடிப்பகுதி போயிருந்தால், உள்ளங்காலின் வளைவிலிருந்து தோலை நகர்த்துவார்கள். அதே தடிமன், உணர்ச்சியும் இருக்கும் என்பதால் நடக்கத் தோதானது.

காயம் பெரிதென்றால், தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ சதையைத் தனியாக எடுத்து, மைக்ரோஸ்கோப் வழியே ரத்தக்குழாய்களைத் தலைமுடியைவிட மெல்லிய இழையால் தைப்பார்கள். 1973-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இயான் டெய்லரும் ரோலின் டேனியலும் இப்படி இடுப்பு மடிப்புத் தோலை மாற்றி வைத்ததும் ஒரு கணுக்கால் காயத்துக்குத்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு

முதல் சில நாள்கள் முக்கியம். ஃபிளாப்பின் நிறமும் சூடும் மாறுகிறதா என்று நர்ஸ்கள் அடிக்கடி பார்ப்பார்கள். காலை உயர்த்தியே வைக்க வேண்டும். டாக்டர் சொல்லும்வரை ஊன்றக் கூடாது. பெரியவர்களுக்குச் சர்க்கரையும் சிகரெட்டும் ஃபிளாப்புக்கு எதிரிகள். புதுத் தோலில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம். செருப்பு கடித்தாலும் தெரியாது என்பதால் தினமும் பார்க்க வேண்டும்.

சென்னை ஸ்டான்லி, மதுரை ராஜாஜி போன்ற அரசு மருத்துவமனைகளிலும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உண்டு.

கால் சிக்கிய அந்த நிமிடம்...

* இன்ஜினை அணையுங்கள். காலை இழுக்காதீர்கள். கம்பியை வெட்டியோ வளைத்தோ எடுக்க வேண்டும்.
* ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். மஞ்சள்தூள், காபித்தூள் வேண்டவே வேண்டாம்.
* தொங்கும் தோலை வெட்டி எறியாதீர்கள்.
* எலும்பு உடையவில்லை என்றாலும், கட்டுப் பிரிக்க டாக்டர் வரச் சொன்ன நாளில் தவறாமல் போங்கள்.

பைக்கின் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதி. 'சேலை கார்டு' என்று நாம் சொல்வது அதைத்தான். அழகு கெடுகிறது என்று கழற்றி வைத்திருந்தால், இன்றே மாட்டிவிடுங்கள். கால் எட்டாத குழந்தைக்கு ஃபுட்ரெஸ்ட் இருந்தும் பயனில்லை.

நேரத்தோடு சிகிச்சை கிடைத்தால் அந்தச் சிறுவன் மறுபடியும் ஓடுவான். கெண்டைக்காலில் ஒரு தழும்பு மட்டும் மிஞ்சும்.