டப்பாவில் 6000, கம்ப்யூட்டரில் 4800!

தில்லிக்கு வந்து பதினாறு வருஷம் ஆச்சு. நேரு பிளேஸில் என்னை யாரும் ஏமாத்த முடியாதுன்னு ஒரு மிதப்பு. போன மாசம் அது இறங்கிடுச்சு.

பையனுக்கு ரைசன் 7000 வரிசை ப்ராசசரில் கம்ப்யூட்டர் கட்டினேன். ராம் டப்பாவில் கொட்டை எழுத்தில் 6000. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 4800! கிலோ பருப்புக்கு 800 கிராம் நிறுத்தால் அண்ணாச்சியைச் சும்மா விடுவோமா?

கடையில் கேட்டால், "இன்னும் ரெண்டு ஸ்டிக் போடுங்க சார், வேகம் வரும்" என்கிறார். அநியாயம்! ரெண்டு போட்டால் 5200, நாலு போட்டால் 3600. இதுதான் அந்த வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் அதிகபட்சக் கணக்கு.

ராமில் பழுதில்லை. 6000 என்பது ஓவர்கிளாக் வேகம். பயாஸில் எக்ஸ்போவை ஆன் செய்தால்தான் வரும் (இன்டெல்லில் எக்ஸ்எம்பி). அப்புறம் பூட் ஆகவில்லையா? ப்ராசசர் பக்கத்திலிருந்து இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் ராமை மாட்டுங்கள். பயாஸை அப்டேட் செய்யுங்கள். அப்போதும் மசியாவிட்டால் 5600-க்கு இறக்குங்கள். சிபியு-இசட் 3000 காட்டினால் பதறாதீர்கள், அது பாதிக் கணக்கு.

ஆனால் ஒன்று: எக்ஸ்போவை ஆன் செய்தால் ப்ராசசர் வாரண்டி செல்லாது என்று சின்ன எழுத்தில் இருக்கிறது.

அப்படியென்றால் 4800-ஐப் பெரிதாகப் போடுங்கள் ஐயா! 6000-க்குப் பக்கத்தில் 'உங்கள் சொந்தப் பொறுப்பில்' என்று எழுதுங்கள். காசு கொடுக்கிறவனுக்கு அந்த நேர்மைகூடக் கிடையாதா?