விண்கலத்தில் துடைப்பம் யார் கையில்?

சிலிம் ரிவர் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். பால்வெட்டுத் தொழிலாளர்கள் விளக்கு வெளிச்சத்தில் மரம் மரமாகச் சென்று பட்டையைச் சீவுவார்கள். அதை வெறும் கூலி வேலை என்று குறைத்துப் பேசியவர்கள் உண்டு. ஆனால், கத்தி சற்று ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும்; மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். அந்த அளவைத் தொழிலாளியின் கை அறிந்திருந்தது. எளிய வேலை எனப்படுவதிலும் அறிவு உண்டு என்பதற்கு இது சான்று.

விண்வெளிக்கும் இது பொருந்தும். விண்கலத்தில் தூசி துடைப்பது, கழிவறையைப் பழுதுபார்ப்பது போன்ற வேலைகளை இயந்திர மனிதர்களிடம் விட்டுவிடலாம் என்று சிலர் வாதிடுகின்றனர். வீரர்களின் நேரம் ஆய்வுக்கே பயன்பட வேண்டும் என்பது அவர்களின் காரணம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டு நாசா அனுப்பிய ‘ஆஸ்ட்ரோபீ’ இயந்திரங்கள், பொருள்களைக் கணக்கெடுப்பது, படம் பிடிப்பது போன்ற பணிகளில் வீரர்களுக்கு உதவவே உருவாக்கப்பட்டன. உயிருக்கு ஆபத்தான பணிகளையும் இயந்திரங்களே ஏற்பது நல்லது.

எனினும், அன்றாடத் துப்புரவு மனிதரிடமே இருக்க வேண்டும். மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபார் 2007ஆம் ஆண்டு தங்கியிருந்த அனைத்துலக விண்வெளி நிலையத்தில், சனிக்கிழமைதோறும் வீரர்களே துப்புரவு செய்கின்றனர். அங்கே தூசி கீழே படியாது. மிதந்து சென்று காற்று வடிகட்டிகளில் ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைப்பவரின் கண்ணுக்கே தளர்ந்த திருகும் ஈரக் கசிவும் முதலில் தென்படும். 2020ஆம் ஆண்டு அந்நிலையத்தில் காற்று கசிந்தபோது, ரஷ்ய வீரர் ஒருவர் தேயிலைத் துகள்களை மிதக்கவிட்டார். அவை நகர்ந்து சென்ற திசை, விரிசல் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது.

இயந்திரம் பழுதானால், விண்வெளியில் பழுதுபார்ப்பவரை அழைத்துவர முடியாது. துடைக்கவும் திருத்தவும் பழகாதவர் அப்போது என்ன செய்வார்? மேலும், தளபதியும் தம் முறை வரும்போது துடைப்பதால் அங்கே அது யாருக்கும் இழிவாகத் தோன்றுவதில்லை. ஒரு சிலர் தலையில் மட்டும் சுமத்தும்போதுதான் ஒரு வேலை தாழ்ந்ததாகிறது.

ஆகவே, ஆபத்தை இயந்திரம் ஏற்கட்டும். வாழும் இடத்தைப் பேணும் பொறுப்பை மனிதர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளட்டும்.