மஞ்சள் சீட்டு

நல்லம்பள்ளியைச் சேர்ந்த என் பழைய மாணவன் ஒருவன் காவலர் தேர்வில் தேறி, சரிபார்ப்புப் படிவத்துடன் சென்ற வாரம் என் வீட்டுக்கு வந்தான். குற்ற வழக்கு உண்டா என்று வினவும் இடத்தில் அவன் பேனா நின்றுவிட்டது. பத்தொன்பது வயதில் ஊர்த் திருவிழாத் தகராறு ஒன்றில் அவன் பெயரும் சேர்க்கப்பட்டு, பிறகு சமரசத்தில் முடிந்த வழக்கு அது.

"எழுதினாலும் வேலை போகலாம், எழுதாம விட்டுத் தெரிஞ்சாலும் போயிடும். நான் என்னங்கய்யா செய்யட்டும்?" என்றான்.

அரசு தன் பணியாளரின் ஒழுக்கத்தை ஆராய்வதில் எனக்கு மறுப்பில்லை. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கினாலும் ஆராய்ந்தே ஒருவனைத் தேர வேண்டும் என்பது 'தெரிந்துதெளிதல்' அதிகாரத்தின் முதற்குறள் கூறும் நெறி. கைது செய்யும் அதிகாரம் பெறப்போகிறவனுக்கு அச்சோதனை மிகவும் பொருந்தும்.

இத்தகைய வழக்கொன்றில் 2011இல் உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது. தில்லிக் காவல்துறையில் தலைமைக் காவலர் பணிக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞர், சமரசத்தில் முடிந்த தம் பழைய வழக்கை விண்ணப்பத்தில் மறைத்திருந்தார். பின்னர் தாமே தெரிவித்தார். நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அடங்கிய அமர்வு, இளமைப் பிழையை மன்னிக்கலாம் என்று அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் விக்டர் ஹியூகோவின் ழீன் வால்ழீன் வருகிறான். சுத்தானந்த பாரதியாரின் 'ஏழை படும் பாடு' வழியாக நாம் அறிந்தவன்தான்.

ரொட்டி திருடியதற்காக அவன்மேல் விழுந்த ஆயுட்காலப் பழியைத் தீர்ப்பு சுட்டியது. எனக்கோ அவனுடைய மஞ்சள் சீட்டே நினைவுக்கு வருகிறது. சிறை மீண்டவன் என்று காட்டும் அச்சீட்டினால் விடுதிகள் அவனுக்குக் கதவடைத்தன. பெயரை மறைத்தபோதோ நகரத் தலைவனானான். தன் பெயரால் வேறொருவன் தண்டனை பெறும் நிலை வந்தபோது, நீதிமன்றத்தில் தானே எழுந்து உண்மை சொன்னான். அவ்வுண்மை அவனை மீண்டும் சிறைக்கே அனுப்பியது.

2016இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு நெறிகளை வகுத்தது. படிவத்தில் உண்மையே கூறவேண்டும். அற்பக் குற்றத்தை மறைத்திருந்தால் அதனை நிர்வாகம் பொறுக்கலாம். உண்மை கூறியவரையும் பணியமர்த்தியே தீரவேண்டிய கட்டாயம் நிர்வாகத்துக்கு இல்லை.

என் மாணவனின் தயக்கம் இக்கடைசி நெறியில்தான் இருக்கிறது. உண்மையைக் கேட்கும் உரிமை அரசுக்கு உண்டெனில், அதைச் சொன்னவனை எடைபோட்டுப் பார்க்கும் கடமையும் உண்டு. அவனுடைய வயது, வழக்கின் தன்மை, அதன் பின்னர் அவன் வாழ்ந்த விதம் ஆகியவற்றைக் கருதியே முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வழக்கு என்ற சொல்லைக் கண்டவுடன் விண்ணப்பத்தை ஒதுக்கினால், உண்மை சொல்பவர்கள் வெளியே நிற்க, மறைக்கத் தெரிந்தவர்கள் சீருடை அணிவார்கள்.

"எழுது" என்றேன். வழக்கு எண்ணுடன் எழுதிக் கையொப்பமிட்டான். ஆசிரியனாக வேறெதையும் என்னால் சொல்லியிருக்க இயலாது. முடிவு இன்னும் வரவில்லை.