தாயைக் கேளாத மருத்துவம்

முப்பது வயதைக் கடந்த ஒருவர், தம்மை அறிந்த எவரும் உடனில்லாமல் மனநல மருத்துவர் முன் அமர்ந்து, "சிறு வயதில் எப்படி இருந்தீர்கள்?" என்ற வினாவுக்கு விடை தேடுவது முறையான பரிசோதனை ஆகுமா? ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைத்துடிப்புக் கோளாறு, வளர்ந்தபின் புதிதாய் முளைப்பதன்று. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, அறிகுறிகள் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்றும், வீடு, பள்ளி, வேலையிடம் என இரண்டு சூழல்களிலேனும் தென்பட வேண்டும் என்றும் வரையறுக்கிறது. மறதியே அறிகுறிகளுள் ஒன்றாயிருக்க, மறப்பவரின் நினைவை மட்டும் நம்பிக் கணக்கெடுப்பது விந்தையன்றோ!

கோலா தெர்லா வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்த ஒருவனின் இளமைக் கணக்கு எங்கே இருக்கிறது? கொழுந்து பறித்த தாயிடம் இருக்கிறது. ஆயாக் கொட்டகையில் அவனைப் பிடித்துவைக்க முடியாமல் ஓய்ந்த ஆயாவிடம் இருக்கிறது. லயன் வீட்டில் ஒரு சுவருக்கு அப்பால் வாழ்ந்த அத்தையிடம் இருக்கிறது. எழுத்தில் எஞ்சியதோ தேர்ச்சி அட்டையில் "கவனம் போதாது" என்னும் இரண்டு சொற்கள். (ஆசிரியர்கள் இன்னும் சற்று எழுதியிருக்கலாம்.) சன்னல் வழியே பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு அமைதியாய் இருந்த பெண்பிள்ளைக்கு அவ்விரு சொற்களும் கிடைத்ததில்லை, அவள் "நல்ல பிள்ளை".

வீட்டாருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்பர். 1911இல் மனநல மருத்துவமனை எழுந்த தஞ்சோங் ரம்புத்தானின் பெயரே ஏச்சுச் சொல்லாகிவிட்ட நாட்டில், சிம்பாங் பூலாய்ச் சாலையில் ஈப்போவுக்கு இறங்கும் இளைஞன் வேறு காரணம் சொல்லிப் புறப்படுவதில் வியப்பில்லை. அவன் சம்மதமின்றி எவரையும் கேட்கலாகாது. யாரை அழைப்பது என்பதும் அவன் உரிமையே. அடித்து வளர்த்த தந்தையைவிட உடன்பிறந்த அக்காளோ மனைவியோ தக்க சாட்சியாகலாம். உற்றார் எவருமில்லாதவரை அக்காரணம் காட்டித் திருப்பியனுப்புவதும் கொடுமை.

ஆனால் சம்மதம் கிடைத்த பின்னும் தாயின் கையில் மலாய்ப் படிவத்தையோ ஆங்கிலப் படிவத்தையோ திணித்தால் பயன் யாது? அவர் எல்லாவற்றுக்கும் தலையசைப்பார். தமிழில் கேட்க வேண்டும்: கடைக்கு அனுப்பினால் சொன்னதை வாங்கி வந்தானா? உண்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தானா? செருப்பு எத்தனை முறை தொலைந்தது? "அவங்க அப்பாவும் இப்படித்தான்" என்று அவர் சிரித்தால், அதை மறுப்பென்று ஒதுக்கிவிடாமல் குறித்துக்கொள்ள வேண்டும். இக்கோளாறு குடும்பவழி வருவது. மலையிலிருந்து இறங்கிவர அவருக்கு இயலாதெனில், மாலையில் தமிழறிந்த தாதி ஒருவர் தொலைபேசியில் பத்து நிமிடம் பேசலாமே.