பாதாம் மாவு மருந்தல்ல

கேமரன் மலைக்குப் போய்விட்டு ஸ்கோன் சாப்பிடாமல் திரும்புகிறவர்கள் நம்மில் குறைவு. 1929-இல் ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த நம்மவர்களுக்கு அன்று அது எட்டியிருக்குமா என்பது வேறு கதை. இன்று சூடான ஸ்கோனும் ஸ்ட்ராபெரி ஜாமும் ஒரு கோப்பைத் தேநீரும் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டன. என் அம்மாவுக்கு அது உயிர். நீரிழிவு வந்ததும் முதலில் விட்டதும் அதைத்தான்.

சென்ற விடுமுறையில் நகரத்துக் கடையொன்றில் 'தானியமில்லாத பழ ஸ்கோன்' கண்டேன். பாதாம் மாவில் செய்தது. "இனிப்புநீர் உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்" என்றார் விற்றவர். அம்மா ஆசையாக இரண்டு சாப்பிட்டார். அன்றிரவு இரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை எகிறியிருந்தது. மறுநாள் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அதில் தேனும் உலர்பழமும் தாராளமாக இருந்தன என்று.

இங்கேதான் என் மனத்தாங்கல். தானியம் இல்லை, குளூட்டன் இல்லை, சர்க்கரை இல்லை என்பவை மூன்று வெவ்வேறு செய்திகள். நாமோ மூன்றையும் ஒரே மூச்சில் 'ஆரோக்கியம்' என்று சொல்லிவிடுகிறோம். கோதுமையின் குளூட்டன் ஒவ்வாதவருக்கு அரிசியும் கேழ்வரகும் போதும். பல மடங்கு விலை கொடுத்துப் பாதாம் வாங்கத் தேவையில்லை. தானியமே வேண்டாம் என்பவருக்கு நம் உளுந்து வடை என்றைக்கோ வந்துவிட்டது, அதற்கு யாரும் விளம்பரம் செய்யவில்லை, அவ்வளவுதான்! நீரிழிவு உள்ளவர் பார்க்க வேண்டியது மாவுச்சத்தின் அளவை. 250 கிராம் கோதுமை மாவில் அது ஏறத்தாழ 190 கிராம். அதே எடைப் பாதாம் மாவில் 50 கிராம் அளவுதான், அதிலும் பாதிக்கு மேல் நார்ச்சத்து. இது மெய்யான நன்மை. ஆனால் கொழுப்பு மிகுதி என்பதால் கலோரி கோதுமையைவிட அதிகம். மேலே கொட்டும் தேனும் உலர்திராட்சையும் அந்த நன்மையையும் விழுங்கிவிடும்.

கடையை நம்பாமல் நானே செய்யத் துணிந்தேன். முதல் தட்டு புட்டாக உதிர்ந்தது. குளூட்டன் இல்லாத மாவைப் பிடித்து நிறுத்த முட்டை வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. இப்போது 250 கிராம் மாவுக்கு இரண்டு முட்டை, 50 கிராம் வெண்ணெய், சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. பேக்கிங் பவுடர் போடுவதில்லை. அதில் பெரும்பாலும் சோளமாவு கலந்திருக்கும், சோளமும் தானியம்தானே! பழத்துக்கு 40 கிராம் உலர்திராட்சையை நறுக்கிக் கலக்கிறேன். அதிலேயே சுமார் 25 கிராம் சர்க்கரை உண்டு. எட்டாகப் பிரித்தால் ஒன்றுக்கு மூன்று கிராம். வேறு இனிப்பு இல்லை. புதிய ஸ்ட்ராபெரி போட்டுப் பார்த்தேன், மாவு நசநசத்துப்போனது. 170 பாகையில் இருபது நிமிடம். பாதாம் சீக்கிரம் கருகும், அடுப்பை விட்டு நகரக்கூடாது. எடுத்ததும் தொட்டால் உடையும். கால் மணி நேரம் தட்டிலேயே ஆறவேண்டும்.

கேமரன் மலை ஸ்கோனின் மென்மை இதில் வராது. வரும் என்பவர் அதைச் சாப்பிட்டிருக்கமாட்டார். அம்மா ஒன்றை எடுத்து, "கேக்கு மாதிரி இருக்குடா" என்றார். ஆனால் தேநீரோடு முழுவதும் சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தோம், பெரிய ஏற்றமில்லை. இது அவர் ஒருவரின் கணக்கு, மற்றவர்கள் தத்தம் மருத்துவரைக் கேட்கவேண்டும்.

2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் கழக நிகழ்ச்சிகளின் தேநீர் மேசையிலோ கேசரியும் ஜிலேபியும் சர்பத்தும்தான். எந்தப் பண்டத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு துண்டுத்தாளாவது எழுதி வைக்கிறோமா? எதற்கெல்லாமோ பதாகை எழுதுகிறோம்!

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு தட்டு ஸ்கோன் கொண்டுவருகிறேன். பக்கத்தில் தமிழில் ஓர் அட்டையும் இருக்கும்: 'பாதாம், முட்டை, வெண்ணெய் உண்டு. தானியம் இல்லை. திராட்சையின் சர்க்கரை உண்டு. கொட்டை ஒவ்வாதவர்கள் தொடவேண்டாம்.'